தைவானில் ஒரு கோட்டை, பழவேற்காட்டில் ஒரு கோட்டை



தைவான் போகிறவர்கள் இரவுச் சந்தையையும் ஊலாங் தேயிலைக் கடையையும் விடுவதில்லை. தெற்கே தைனான் நகரில் ஆன்பிங் கோட்டையையும் பாருங்கள். 1624-இல் டச்சுக் கம்பெனி கட்டத் தொடங்கியது. 1662-இல் கோக்சிங்கா என்ற தளபதி அவர்களைத் துரத்தினார். அன்றைய செங்கல் சுவர் ஒன்று ஆலமர வேர் படர்ந்து இன்றும் நிற்கிறது.

அதே கம்பெனி 1613-இல் நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தது. அங்கிருந்து துணி மட்டுமா போனது? நம் மக்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள்.

நாம் சொல்லும் தேயிலையில் உள்ள 'தே'யும் கடல்வழி வந்த சொல்தான். தைவானில் பேசும் மின்னான் மொழியில் தேநீருக்கு 'தே' என்றே பெயர். டச்சுக்காரர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். தரைவழி வந்த 'சா' வடநாட்டில் 'சாய்' ஆனது.

அங்கே ஒரு சுவரைக் காத்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். இங்கே கோட்டை இருந்த இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைகள்தான் மிச்சம். கோவில்பதாகையிலிருந்து ஒரே பகலில் போய்வரலாம். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பார்க்க ஆள் வந்தால்தான் காக்கவும் ஆள் வரும்.