கரகரப்பு யாருடையது?

பழைய இசைத்தட்டு என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பாட்டு அல்ல, பாட்டுக்கு முன்னால் வரும் அந்தக் ‘கர்ர்ர்’ சத்தம்தான். சினிமாவில் பழைய காலத்தைக் காட்டவேண்டுமென்றால் இன்றைக்கும் அதைச் சேர்த்துவிடுகிறார்கள். தட்டு தேய்ந்ததால் வரும் சத்தம் என்றே பலரும் நம்புகிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, தட்டைப் பாடவைத்த கருவியின் கதை.

78 சுழற்சித் தட்டுகள் பிறக்கும்போதே கரகரத்தன. அவை அரக்கால் ஆனவை என்று சொல்கிறோம்; உண்மையில் அரக்கு வெறும் பசைதான். சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து உலகம் முழுக்கப் போன அந்த அரக்கு, எடையில் பெரும்பகுதியாக இருந்த கல்மாவைப் பிடித்து வைத்திருந்தது. சிலேட்டுத் தூள், சுண்ணாம்புக்கல் தூள், நிறத்துக்குக் கொஞ்சம் கரி. இவ்வளவு சொரசொரப்பான சரக்கை ஏன் சேர்க்க வேண்டும்? மலிவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஊசி. கிராமபோனின் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் கனக்கும். அத்தனை பாரமும் ஓர் இரும்பு ஊசியின் முனை வழியே தடத்தில் இறங்கும். ஊசி தேயாவிட்டால் தட்டு தேயும். ஆகவே முதல் சில சுற்றுகளிலேயே தட்டு ஊசியைச் சாணை பிடித்துத் தன் தடத்தின் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். ஒருமுறை வாசித்த ஊசியைத் தூக்கிப் போடு என்று ஊசி டப்பாக்களில் அச்சிட்டது அதற்காகத்தான். நம் வீடுகளில் யார் கேட்டார்கள்? ‘இன்னும் கூராத்தானே இருக்கு’ என்று ஒரே ஊசியில் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்திருப்பார்கள். தேய்ந்த முனையின் ஓரம் உளியாகித் தடத்தின் சுவரைச் செதுக்கிக்கொண்டே போனது.

இருந்தும் புனல் கிராமபோனில் இரைச்சல் அவ்வளவாகத் துருத்தவில்லை. புனலுக்கு உச்ச ஒலிகளை வெளியே அனுப்பும் திறனே குறைவு. பாட்டின் மினுக்கத்தோடு தட்டின் சீறலையும் அதுவே விழுங்கிவிடும். 1925-இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. பின்னாலேயே மின்சாரப் பிக்கப்பும் ஒலிபெருக்கியும் வீடுகளுக்கு வந்தன. அதே பழைய தட்டு திடீரென்று சீற ஆரம்பித்தது. தட்டு கெட்டுப்போகவில்லை, காது திறந்துகொண்டது. ரேடியோகிராமின் டோன் குமிழைத் திருப்பி உச்ச ஒலியை மட்டுப்படுத்துவது அப்போதிலிருந்து வந்த பழக்கம்.

1948-இல் கொலம்பியா கொண்டுவந்த வினைல் எல்.பி.யில் கல்மாவு இல்லை; பரப்பு வழவழவென்று இருந்தது. 1954-இல் அமெரிக்காவில் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. முறை இன்னொரு உதவி செய்தது. தட்டை வெட்டும்போது உச்ச ஒலிகளைத் தூக்கிப் பதிவார்கள். வாசிக்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதே அளவு இறக்கும். 10,000 ஹெர்ட்ஸில் இது சுமார் 14 டெசிபல். பாட்டு சமநிலைக்கு வர, தடத்தின் சீறல் மட்டும் அமுங்கிப்போகும்.

வினைலில் மிச்சமிருந்த தொல்லை ‘டிக் டிக்’ சத்தம். கீறலின் மீது ஊசி ஏறி இறங்குவது மிகச் சிறிய நேரம். ஆனால் அது எழுப்பும் மின்துடிப்பு பாட்டைவிடப் பல மடங்கு உயரமாக இருக்கலாம். அதைத் தாங்க இடமில்லாத ஃபோனோ ஆம்ப்ளிஃபயர் திணறிப்போய், சுதாரித்துக்கொள்ள நேரம் எடுக்கும். ஒரு ‘டிக்’ ஒரு ‘பட்’டாக நீண்டுவிடும். கார்ட்ரிட்ஜுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையிலுள்ள வயரின் கபாசிட்டன்ஸ் அதிகமானாலும் உச்ச ஒலியில் ஒரு மேடு எழும்பி, ஒவ்வொரு தூசியும் தனித்தனியாக ஆஜர் சொல்லும். இரண்டு வீடுகளில் ஒரே தட்டு இரண்டு விதமாகக் கரகரப்பது இதனால்தான்.

எனக்கு வருத்தம் தருவது 78 தட்டுகள் கணினிக்கு ஏறிய விதம். எல்.பி. ஊசியின் முனை, 78-க்கு வேண்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அது தடத்தின் சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் அழுக்கை உழுதுகொண்டு போகும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் வேறு, ஊசியின் மேல்கீழ் அசைவையும் ஒலியாக்கும். 78-இல் பாட்டு இருப்பது பக்கவாட்டு அசைவில் மட்டும். மேல்கீழாக இருப்பது வெறும் இரைச்சல். இரண்டு சானல்களையும் ஒன்றாக இணைத்தால் அந்த இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல், முதலில் சத்தத்தைப் பதிந்து, பிறகு மென்பொருளால் சுரண்டியிருக்கிறார்கள். சுரண்டியதில் ஜாலராவின் ஓசையும் போயிற்று, பாடகர் மூச்சு வாங்குவதும் போயிற்று. ‘தட்டு தேஞ்சு போச்சு சார்’ என்று காரணம் சொன்னார்கள். தட்டையும் வைத்துக்கொள்ளவில்லை.

நண்பர் ஒருவர் கிட்டப்பாவின் தட்டு ஒன்றை முதலில் சாதாரண ஊசியில் போட்டுக் காட்டினார். எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி இருந்தது. பிறகு தட்டைக் கழுவி, பெரிய ஊசி மாட்டி, இரண்டு சானலையும் இணைத்தார். பழைய இரும்பு ஊசி தேய்த்த இடத்துக்குச் சற்று மேலே, யாரும் தொடாத சுவரில் புது ஊசி உட்கார்ந்தது. இரைச்சல் போய்விடவில்லை, குரலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. மேல் ஸ்தாயியில் அவர் நின்றபோது நாங்கள் இருவரும் பேசவில்லை. பழைய பேப்பர்காரரிடம் எடைக்கு வாங்கிய தட்டு அது.