கீசர், பம்பு, ஏற்றம்

மும்பையின் செம்பூரில் காலை ஆறு மணிக்குத் தமிழ் வீடுகளில் கேட்கும் குரல் ஒன்று உண்டு: "கீசர் போட்டாச்சா?" பால், பேப்பர் போல அதுவும் வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஆனால் அது பிறந்த இடம் ஐஸ்லாந்து. அங்கே ஹௌகாதாலூர் பள்ளத்தாக்கில் கொதிநீரைப் பீய்ச்சி அடிக்கும் ஓர் ஊற்றின் பெயர் கெய்சிர். 'பீறிட்டெழு' என்னும் வினையின் அடியாக வந்தது. ஓர் ஊற்றின் சொந்தப் பெயர் ஆங்கிலத்தில் அவ்வகை ஊற்றுகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயரானது. 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மான் தான் செய்த வாயு வெந்நீர்க் கருவிக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். அப்படி வந்து சேர்ந்ததுதான் நம் குளியலறைக் கீசர்.

அதற்கு முன் வெந்நீர் எதில் காய்ந்தது? நாம் பாய்லர் என்றோம்; அடுத்த வீட்டு மராத்தியர் 'பம்ப்' என்றார்கள். செம்பில் செய்த உருளை. நடுக்குழலில் கரி கனன்றுகொண்டிருக்கும், சுற்றிலும் தண்ணீர், அடியில் சாம்பல் தட்டு, பக்கத்தில் பித்தளைக் குழாய். புளி போட்டுத் தேய்த்தால் முகம் தெரியும். இந்தப் பம்ப், போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல். அவர்கள் மொழியில் 'பொம்பா' என்றால் நீரிறைக்கும் கருவி. தீயணைப்பு வண்டியையும் மராத்தியில் பம்ப் என்பது அதனால்தான். எதையும் இறைக்காத வெந்நீர்ப் பாத்திரத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதுதான் வியப்பு.

இன்று நிஜமாகவே இறைக்கும் வெந்நீர்க் கருவி வந்திருக்கிறது: ஹீட் பம்ப். அது எப்படி வேலை செய்கிறது என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது. நம் சொசைட்டியின் பம்பு தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழ்த்தொட்டியில் இருப்பதை மாடித்தொட்டிக்கு ஏற்றுகிறது. ஹீட் பம்பும் அப்படியே, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. குளிர்பதனப் பெட்டியின் வேலைதான், திசைதான் வேறு. 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்கக் கீசருக்குச் சுமார் 2.3 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் தரும் ஹீட் பம்புக்கு 0.8 யூனிட் போதும்.

தமிழில் இதை 'வெப்ப ஏற்றம்' என்றே சொல்லலாம் என்பது என் துணிபு. கிணற்றடியில் துலாமரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, சால் இறங்கி ஏறுமே, அந்த ஏற்றம். பள்ளத்து நீரை மேட்டுக்குக் கொண்டுபோவது போல, குறைந்த சூட்டில் கிடப்பதை மிகுந்த சூட்டுக்கு உயர்த்துவதுதான் இங்கேயும் நடக்கிறது.

பெயர் சரியானால் எதை வாங்குவது என்பதும் தெளிவாகும். ஏற்றம் என்றதும் முதல் கேள்வி, கிணறு எது? மண்ணிலிருந்து வெப்பம் எடுக்கும் வகை, நிலம் சொந்தமாக உள்ள குளிர்நாட்டு வீடுகளுக்குப் பொருந்தும். அடுக்குமாடியில் மண் ஏது? பத்து டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் மும்பைக் காற்றே நமக்குக் கிணறு. ஆகவே காற்றிலிருந்து இறைக்கும் வகை போதும். உறைபனிக்காகச் செய்த விலைகூடிய அமைப்பு செம்பூருக்கு வேண்டாம். உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சு உள்ள சுருள்தான் வேண்டும்.

பதினைந்து லிட்டர் கீசரைக் கழற்றிய ஆணியில் ஹீட் பம்பை மாட்ட முடியாது. பெரிய தொட்டி வேண்டும், காற்று தாராளமாக வந்துபோக வேண்டும், சொட்டும் நீர் வடிய வழி வேண்டும். மூடிய குளியலறைக்குள் வைத்தால் அறைதான் குளிரும், கிணறும் வற்றும். ஆட்களும் இடமும் குறைந்த ஃபிளாட்டுக்குக் கீசரே இருக்கட்டும். கட்டிடம் முழுவதற்கும் என்றால் மொட்டைமாடிதான் இடம். அடுத்த சொசைட்டிக் கூட்டத்தில் மாடி எவ்வளவு பாரம் தாங்கும் என்று பொறியாளரைக் கேட்டுவிட்டு, இந்தப் பேச்சை எடுங்கள்.