டெலே சி2 தேர்வு ஆயத்தம்

டெலே சி2 என்பது ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதும் உச்சநிலை ஸ்பானிய மொழித் தேர்வு. இதன் சான்றிதழை ஸ்பெயின் கல்வி அமைச்சின் பெயரில் செர்வாந்தேஸ் நிறுவனம் வழங்குகிறது. டெலே சான்றிதழ்கள் 1988இல் தொடங்கின; செர்வாந்தேஸ் நிறுவனம் 1991இல் உருவானது. சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. கணினிவழி ஸ்பானியத் தேர்வான சியேலே, சி1 நிலை வரைதான் அளவிடும். அதன் சான்று 5 ஆண்டுகளுக்கே செல்லும்.

தேர்வில் மூன்று பகுதிகள். வாசிப்பு, கேட்டல், மொழிப் பயன்பாடு அடங்கிய முதல் பகுதிக்கு 105 நிமிடம். எழுத்துக்கு 150 நிமிடம். பேச்சுக்கு 20 நிமிடம், அதற்கு முன் ஆயத்த நேரம் 30 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் 33.33 புள்ளி. ஒவ்வொன்றிலும் தனித்தனியே 20 எடுத்தாக வேண்டும். ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது. எனவே நன்றாக வருவதையே மேலும் மெருகேற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பலரும் அருஞ்சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வின் கடினம் அங்கே இல்லை. எழுத்துப் பகுதியின் முதல் பணியில் ஓர் ஒலிப்பதிவைக் கேட்டு, உரைகளைப் படித்து, வேண்டியதைப் பொறுக்கி 400 முதல் 450 சொற்களில் ஒரே கட்டுரையாக்க வேண்டும். அடுத்தது, குறையுள்ள உரை ஒன்றைத் திருத்தி வேறு நடையில் எழுதுவது. பிறகு வரைபடத் தகவலைக் கொண்டு ஒரு கட்டுரை. கேட்கும்போதே குறிப்பெடுப்பதும், படித்ததை அப்படியே பெயர்த்தெழுதாமல் சொந்த வாக்கியத்தில் சொல்வதும் இங்கே கைகொடுக்கும். வானொலி விவாதம் ஒன்றைக் கேட்டு, அதே பொருளில் வந்த நாளிதழ்த் தலையங்கத்தோடு சேர்த்துச் சுருக்கி எழுதுவது நல்ல பயிற்சி. அதை வேறொருவர் திருத்தித் தருவது அவசியம். தன் பிழை தன் கண்ணில் படுவது அரிது.

ஸ்பானியத்துக்கு நெருங்கிய மொழி பேசும் போர்த்துக்கீசியரும் இத்தாலியரும் வாசிப்பை எளிதில் கடந்துவிடுவார்கள். எழுதும்போதுதான் தாய்மொழி இடையில் புகுந்துவிடும்.

உச்சரிப்பில் மாத்ரித் வழக்கோ மெக்சிகோ வழக்கோ, எதுவும் ஏற்கப்படும். ஒன்றையே சீராகப் பேணினால் போதும். ஆனால் ஒலிப்பதிவில் பல நாட்டவர் குரல்கள் வரும் என்பதால், காது எல்லா வழக்குகளுக்கும் பழகியிருக்க வேண்டும். பேச்சுத் தேர்வு முறையான உரையில் தொடங்கிப் பத்திரிகைத் தலைப்புகள் பற்றிய இயல்பான அரட்டையில் முடிகிறது. உரையைத் திறம்பட ஆற்றியவர்களும், தொனியைத் தளர்த்தத் தெரியாமல், இந்த அரட்டையில் திணறுவதுண்டு.