மின்கம்பி வழி இணையமும் ஹாம் வானொலியும்: அமெரிக்காவில் ஒரு குறுக்கீட்டுச் சர்ச்சையின் வரலாறு

வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியிலேயே இணையத்தையும் அனுப்பலாம் என்ற திட்டம் 2003ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க அரசின் பெரும் ஆதரவைப் பெற்றது. தொலைபேசி, கேபிள் நிறுவனங்கள் அதிவேக இணையம் தர எட்டிப்பார்க்காத ஊர்களிலும் மின்கம்பம் நின்றிருந்தது. அத்திட்டத்தை எதிர்த்தவர்களுள் முன்நின்றவர்கள், சொந்த ஆர்வத்தால் வானொலித் தொடர்பு நடத்தும், உரிமம் பெற்ற ஹாம் வானொலியாளர்கள். புதுமைக்கு எதிரான பொழுதுபோக்காளர்களின் பிடிவாதமாக அதைக் காண்பது எளிது. ஆனால் சரியான அளவீடு எது, அரசு அதை எந்த அளவுக்கு வெளிப்படையாக வைக்க வேண்டும் என்பவையே அச்சர்ச்சையின் மையம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

குறுக்கீட்டின் காரணம்

தொலைக்காட்சி கேபிளில் உள்கம்பியைச் சுற்றி உலோக உறை இருப்பதால் சமிக்ஞை பெரும்பாலும் உள்ளேயே அடங்குகிறது. தெருவில் செல்லும் மின்கம்பிகளுக்கு அத்தகைய உறை கிடையாது. இரு கம்பிகளுக்கு இடையே இடைவெளியும் அதிகம். 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்துக்கு இது குறையாகாது. மெகாஹெர்ட்ஸ் அளவிலான சமிக்ஞையைச் செலுத்தினாலோ அக்கம்பியே நீண்ட ஆண்டெனாவாகி அலைகளைப் பரப்புகிறது. இத்தொழில்நுட்பம் பயன்படுத்திய பகுதி பெரும்பாலும் 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலைப் பகுதி. 3.5, 7, 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் அருகே அமையும் ஹாம் அலைவரிசைகள் எல்லாம் இதற்குள் அடங்கும். வளிமண்டலத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கண்டம் கடந்து வரும் சமிக்ஞை, ஏற்பியை அடையும்போது ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவாக இருப்பதுண்டு. தெருக்கம்பியின் இரைச்சல் சற்று உயர்ந்தாலே அது மூழ்கிவிடும்.

2004ஆம் ஆண்டு விதிகள்

ஃபெடரல் தகவல் தொடர்பு ஆணையம் 2003 ஏப்ரலில் விசாரணை அறிவிப்பையும், 2004 பிப்ரவரியில் வரைவு விதிகளையும் வெளியிட்டது; அக்டோபர் 14 அன்று இறுதி விதிகளை ஏற்றது. விமானப் போக்குவரத்து, கடலோரக் காவல் ஆகியவற்றுக்கு விலக்கப்பட்ட அலைவரிசைகளும் பகுதிகளும் கிடைத்தன. ஹாம் வானொலிக்கு அந்தக் காப்பு கிடைக்கவில்லை. குறுக்கீடு நேர்ந்தால் புகார் செய்யலாம். நிறுவனம் அந்த அலைவரிசையில் சமிக்ஞையைத் தாழ்த்த வேண்டும் என்பதே ஏற்பாடு. உரிமம் பெறாத கருவி உரிமம் பெற்ற சேவைக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற பழைய கோட்பாடு ஏட்டில் நீடித்தது. அதைக் காக்கும் சுமையோ பாதிக்கப்பட்டவர் தோளில் ஏறியது.

சிற்றலையின் மதிப்பு அதே ஆண்டு இறுதியில் வங்கக் கடலில் தெரிந்தது. டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானின் தொலைத்தொடர்பைக் குலைத்தபோது, போர்ட் பிளேரில் வானொலித் தொடர்புப் பயணமாகத் தங்கியிருந்த இந்திய ஹாம் குழு, தீவுக்கும் நாட்டின் நிலப்பகுதிக்கும் இடையே செய்திகளைக் கடத்தியது.

ஓர் எண்ணைச் சுற்றிய வழக்கு

1.705 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, 30 மீட்டர் தொலைவில் புலவலிமை மீட்டருக்கு 30 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. ஆனால் தெருவில் பெரும்பாலும் அதைவிடக் கிட்டத்தில்தான் அளக்க முடியும். கிட்டத்தில் கிடைத்த அளவை 30 மீட்டருக்குக் கணிக்க ஆணையம் கைக்கொண்ட விதி, தொலைவு பத்து மடங்கானால் 40 டெசிபல் குறையும் என்பது. இதன்படி 3 மீட்டரில் 3,000 மைக்ரோவோல்ட் வரை அனுமதி உண்டு. தொலைவு பத்து மடங்காகும்போது 20 டெசிபல்தான் குறையும் என்றால் அங்கே 300க்கு மேல் போகக் கூடாது. நீண்ட கம்பியின் புலம் ஒரு புள்ளியிலிருந்து பரவும் புலத்தைப் போல வேகமாகத் தேய்வதில்லை என்பதால், உண்மை 20க்கு அருகில் என்று அமெரிக்க ஹாம் அமைப்பான ஏஆர்ஆர்எல் வாதிட்டது. பிரிட்டனில் எடுக்கப்பட்ட கள அளவீடுகளையும் அது சான்றாக வைத்தது.

2006இல் ஆணையம் மறுபரிசீலனைக் கோரிக்கையின் முக்கியப் பகுதிகளை ஏற்காததால் வழக்கு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றது. 2008 ஏப்ரல் 25 அன்று வெளிவந்த தீர்ப்பு இரண்டு பிழைகளைச் சுட்டியது. விதிக்கு ஆதாரமாகக் கொண்ட தன் பொறியாளர்களின் ஆய்வுகளை ஆணையம் சில பகுதிகளை மறைத்தே வெளியிட்டிருந்தது. 40 டெசிபல் கணக்கை ஏன் விடாமல் பற்றியது, எதிர்ச்சான்றுகளை ஏன் தள்ளியது என்பதற்கும் தக்க விளக்கம் தரவில்லை. ஏஆர்ஆர்எல்லின் மற்ற சட்ட வாதங்களை நீதிமன்றம் ஏற்கவில்லை. எனவே இதை முழு வெற்றி என்று கொள்வதற்கில்லை. ஆயினும், பொதுமக்கள் சரிபார்க்க முடியாத அறிவியலின் மேல் பொதுவிதி எழக் கூடாது என்பது அதன் வழி உறுதியானது.

பின்விளைவு

2011இல் ஆணையம் 40 டெசிபல் கணக்கையே விளக்கத்துடன் தக்கவைத்தது. தேவைப்படும் அலைவரிசையில் சமிக்ஞையைத் தாழ்த்தும் திறனை 20இலிருந்து 25 டெசிபலாக உயர்த்தியது. அதற்குள் களம் மாறிவிட்டது. அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் சோதனை 2004லேயே முன்கூட்டி முடிந்திருந்தது. நகரம் முழுதும் சேவை தந்த வர்ஜீனியாவின் மனாசஸ் 2010 ஜூலையில் அதை நிறுத்தியது. கிராமங்களுக்குச் சேவை தந்த ஐபெக் நிறுவனமும் 2012இல் மூடப்பட்டது. இவற்றுக்கெல்லாம் குறுக்கீட்டை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. டிஎஸ்எல், கேபிள், கைப்பேசி இணையம் ஆகியவற்றின் வேகத்துக்கும் விலைக்கும் மின்கம்பி வழி இணையம் ஈடுகொடுக்கவில்லை.

இணக்கத்துக்கு வழியே இல்லை என்றும் சொல்ல இயலாது. வீட்டுக்குள் மின்கம்பியில் இயங்கும் ஹோம்பிளக் கருவிகள் 2001 முதலே ஹாம் அலைவரிசைகளைத் தவிர்க்கும்படி வடிவமைக்கப்பட்டன. வீட்டுக் கருவிகளுக்கான 2013ஆம் ஆண்டு ஐரோப்பியத் தரநிர்ணயமும் அத்தவிர்ப்பை நிலையான நிபந்தனையாக்கியது. ஹாம் வானொலியாளர்கள் கேட்ட காப்பு இணையத்தைத் தடுப்பதற்கன்று. அது பொறியியலுக்குள் அடங்கும் கோரிக்கை என்பதற்கு இவை சான்று. புதிய சேவையை வகுக்கும்போதே பழைய பயனரின் அளவீட்டையும் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால், ஏழாண்டு வழக்காடலின் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது. மின்வாகன ஏற்றி, சூரிய மின்தகடுகளின் இன்வெர்ட்டர் எனச் சிற்றலை இரைச்சலின் ஊற்றுகள் இன்று பெருகியிருக்கின்றன. அவற்றுக்கு விதி வகுப்போர் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அதுவே.