இலண்டன் மண்ணடியில் உரோமர் எழுத்து

பழைய நகரங்களின் மீதே புதிய நகரங்கள் எழுகின்றன. ஆதலின், அத்திவாரம் தோண்டும் பணி வரலாற்றுச் சான்றுகளை வெளிக்கொணர்வதாகவும் அவற்றை அழிப்பதாகவும் ஒருங்கே அமைகின்றது. இரு தடவை அகழப்பட்ட இலண்டன் வோல்புறூக் நிலப்பகுதி இவ்வுண்மைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சினால் சிதைந்த இப்பகுதியில் அலுவலகக் கட்டிடமொன்றை எழுப்பும் வேளையில், டபிள்யூ. எவ். கிறைம்ஸ் என்னும் தொல்லியலாளர் அகழ்வாய்வு நடத்தினார். 1954 செப்டெம்பர் 18ஆந் திகதி, பணி முடிவடையும் தறுவாயில், மித்திரா தெய்வத்தின் சலவைக்கற் தலையொன்று கிடைத்தது. அங்கிருந்த கட்டிடம் கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த மித்திரா கோயில் என்பது அதனால் உறுதியாயிற்று. மக்கள் நீண்ட வரிசையில் நின்று அதனைக் கண்டனர். விடயம் அமைச்சரவை வரை சென்றது. எனினும் கட்டிட வேலை கைவிடப்படவில்லை. பெயர்த்தெடுக்கப்பட்ட கோயிற் கற்கள் 1962இல் வேறோரிடத்தில், தெருமட்டத்தில், நவீன சீமெந்து கொண்டு அடுக்கப்பட்டன. கற்கள் எஞ்சின, அவற்றின் சூழல் எஞ்சவில்லை.

1990இல் இங்கிலாந்தில் வெளியான திட்டமிடல் வழிகாட்டல் நிலைமையை மாற்றியது. அகழ்வாய்வுக்கான பொறுப்பும் செலவும் கட்டிடம் அமைப்போரைச் சார்ந்தன. அந்நெறி நிலைபெற்றபின், புளூம்பேர்க் நிறுவனக் கட்டிடத்துக்காக 2010 முதல் 2014 வரை அதே நிலத்தில் மீண்டும் ஆய்வு நடைபெற்றது. வோல்புறூக் ஓடையின் ஈரமண்ணிற் காற்றுப் புகாமையால் மரமும் தோலும் அழியாதிருந்தன. நானூறுக்கு மேற்பட்ட மர எழுதுபலகைகள் கிடைத்தன. அவற்றிற் பூசிய மெழுகு மறைந்துவிட்டது. ஆயினும் எழுத்தாணி மரத்திற் பதித்த கீறல்களை ரோஜர் தொம்லின் என்னும் அறிஞர் படித்து 2016இல் வெளியிட்டார்.

கி.பி. 57 சனவரி 8ஆந் திகதியிட்ட பலகை ஒரு கடன் பத்திரமாகும். விடுதலை பெற்ற அடிமையான திபுல்லுஸ், தன்னைப் போன்ற மற்றொருவனான கிராத்துஸிடம் வாங்கிய சரக்குக்கு 105 தெனாரி நாணயம் கொடுக்கவேண்டியவன் என அது கூறுகின்றது. உரோமர் பிரித்தானியாவிற் படையெடுத்தது கி.பி. 43இல், பதினான்கு ஆண்டுகளுக்குள் அங்கு கடனும் வாணிபமும் வேரூன்றிவிட்டன. கி.பி. 60 அல்லது 61இற் பூடிக்கா அரசியின் கிளர்ச்சியில் நகர் எரிந்தது. ஆயின் கி.பி. 62 ஒக்டோபர் 21ஆந் திகதியிட்ட வேறொரு பலகை, வெருலாமியத்திலிருந்து இலண்டனுக்கு இருபது சுமை உணவுப்பொருள் கொண்டுவரும் ஒப்பந்தமாகும். எரிந்த நகர் விரைவில் மீண்டெழுந்தமைக்கு இதனினும் நேரடியான சான்று வேண்டியதில்லை.

1954இல் மக்களை ஈர்த்தது தெய்வத்தின் தலை. நகரின் பிறப்பை விளக்கியதோ கடனாளி ஒருவனின் பலகை. பளிங்குச் சிலை எவர் கண்ணுக்கும் படும். மரத்துண்டின் மெல்லிய கீறல் பொறுமையுடன் தேடுவோர்க்கே புலப்படும். ஆகவே, கட்டிடப் பணியிடை தொல்லியலாளனுக்கு அளிக்கப்படும் காலம் வெறும் தாமதமன்று. அரசரும் தெய்வங்களும் மட்டுமன்றி, சாதாரண மனிதரும் வரலாற்றில் இடம்பெறுவரா என்பதை அக்காலமே தீர்மானிக்கின்றது.