படத்துல எங்க தொட்டீங்க? இமேஜ் மேப்போட கதை

இன்னைக்கு எபிசோட்ல வெப்போட ஒரு பழைய சிக்கலைப் பத்திப் பேசலாம்.

ஒரு புரோகிராம் பார் சார்ட் வரையுதுன்னு வைங்க. மூணாவது பாரை கிளிக் பண்ணா அந்த மாசக் கணக்கு திறக்கணும். சிம்பிளா தெரியுதுல்ல? ஆனா பிரவுசரைப் பொறுத்தவரை அங்க பாரே கிடையாது. இருக்கறது ஒரு படம், வெறும் வண்ணப் புள்ளிகள். மூணாவது பார் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள், அதை வரைஞ்ச புரோகிராம்தான். தனக்குத் தெரிஞ்சதை அது யார்கிட்ட சொல்லுதுங்கறதுதான் இந்தக் கதை.

1993-க்குப் போவோம். அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகத்தோட என்சிஎஸ்ஏ மையத்துல மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் மொசைக் பிரவுசரை உருவாக்கறாங்க. எழுத்துக்கு நடுவுலயே படம் காட்டற பிரவுசர் அது. அதுல இஸ்மேப்னு ஒரு வசதி வந்தது. படத்துல எங்கயாவது கிளிக் பண்ணா, இடமிருந்து எத்தனை பிக்சல், மேலிருந்து எத்தனை பிக்சல்னு ரெண்டு எண் சர்வருக்குப் போகும். அந்த இடத்துல என்ன இருக்குன்னு சர்வர்தான் முடிவு பண்ணும்.

இதை அருமையா பயன்படுத்தினது ஜெராக்ஸ் பார்க் ஆய்வகம். அதே 1993-ல அங்க ஸ்டீவ் புட்ஸ் ஒரு மேப் வியூவர் செஞ்சார். உலக வரைபடத்துல ஒரு இடத்தைத் தொட்டா, அந்த இடத்தை நடுவுல வெச்சு இன்னும் பெருசா புது வரைபடம் வரும். எல்லாமே கேட்ட நிமிஷத்துல புரோகிராம் வரையற படம். வரைஞ்சது தானேங்கறதால, எந்தப் பிக்சல் எந்த அட்சரேகை, தீர்க்கரேகைன்னு அதால கணக்குப் போட முடிஞ்சது.

ஆனா இஸ்மேப்ல ஒரு பெரிய குறை. ஒவ்வொரு கிளிக்குக்கும் சர்வர் வரைக்கும் போய்ட்டு வரணும். கிளிக் பண்றதுக்கு முன்னாடி அது எங்க கூட்டிட்டுப் போகும்னு தெரியாது. அதைவிட முக்கியம், மவுஸ் இல்லாம, படத்தைப் பார்க்காம ஒருத்தர் அந்தப் பக்கத்தைப் பயன்படுத்தவே முடியாது. பார்வையற்றவருக்கு அது பூட்டின கதவு.

1996 ஆகஸ்ட்ல, ஸ்பைகிளாஸ் நிறுவனத்துல இருந்த ஜேம்ஸ் சைட்மன் எழுதின ஆர்எஃப்சி 1980 வெளியாச்சு. அதோட யோசனை இதுதான்: எந்தப் பகுதி எந்த லிங்க்னு பக்கத்துக்குள்ளயே எழுதிடுங்க. செவ்வகம், வட்டம், பலகோணம்னு ஒவ்வொரு பகுதிக்கும் அளவு, லிங்க், கூடவே அது என்னன்னு சொல்ற எழுத்து. சர்வருக்கு மட்டும் தெரிஞ்சது இப்போ பிரவுசருக்கும் தெரிஞ்சுடுச்சு. 1997 ஜனவரியில வந்த எச்டிஎம்எல் 3.2-லயும் இது இருந்தது. 1999-ல வந்த டபிள்யூ3சி அணுகல் வழிகாட்டுதலும், முடிஞ்ச இடத்துல சர்வர் மேப்பை விட்டுட்டு இதையே பயன்படுத்தச் சொன்னது.

இதோட முழுப் பலனை ஜெனரேட் பண்ற கிராஃப்லதான் பார்க்கலாம். மனுஷன் உட்கார்ந்து பிக்சல் எண்ண முடியாது, ஏன்னா நாளைக்கு டேட்டா மாறினா எல்லாம் நகர்ந்துடும். ஏடி அண்ட் டி-யில பிறந்த கிராஃப்விஸ்ல ஒவ்வொரு நோடுக்கும் ஒரு யூஆர்எல் கொடுத்தா, படத்தோட அதுக்குப் பொருந்தற மேப்பையும் அதுவே எழுதிக் கொடுக்கும். டாக்ஸிஜென் பக்கங்கள்ல கிளாஸ் டயகிராம் பெட்டியைத் தொட்டா அந்த கிளாஸோட பக்கம் திறக்குதே, அதுக்குப் பின்னாடி இருக்கறது இதுதான்.

அப்புறம் ஏன் இது ஓரமா போச்சு? மேப்ல எழுதினது நிலையான பிக்சல் எண்கள். போன்ல படம் சுருங்கினா மேப் கூடவே சுருங்காது, கிளிக் தப்பான இடத்துல விழும். 2001-ல டபிள்யூ3சி தரநிலையான எஸ்விஜி-யில பாரே ஒரு தனி உறுப்பு. அதுலயே லிங்க் போடலாம், சுருக்கினாலும் சேர்ந்தே சுருங்கும்.

ஆனா கதை முடியல. இன்னைக்கு நிறைய சார்ட் லைப்ரரிகள் கேன்வாஸ்லதான் வரையுது. அங்க பார் மறுபடியும் வெறும் புள்ளிகள்தான். கிளிக் எங்க விழுந்ததுன்னு ஸ்கிரிப்ட் கணக்குப் போட்டுக்கும். ஸ்கிரீன் ரீடருக்கோ, நாம தனியா எழுத்துல கொடுக்கலைன்னா ஒண்ணுமே கிடைக்காது. 1993-ல பூட்டியிருந்த அதே கதவுதான்.

அதனால அடுத்த தடவை டாஷ்போர்டு கட்டும்போது, மவுஸைத் தள்ளி வெச்சுட்டு டேப் கீயால மட்டும் அந்த மூணாவது பாருக்குப் போய்ப் பாருங்க. போக முடியலைன்னா, உங்க புரோகிராம் தனக்குத் தெரிஞ்சதை இன்னும் யார்கிட்டயும் சொல்லலைன்னு அர்த்தம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.