ஆகாயத்தின் எல்லைகள்: ஜோகன்னஸ்பர்க் - லண்டன் தூரம் குறித்து

பூகோள உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 9,070 கிலோமீட்டர். கணக்கு அத்தோடு முடிஞ்சுபோச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், நூல் எந்தெந்த நாடுகளின் மேல் கிடக்கிறது என்று பார்க்கும்வரை. காங்கோ, சாட், நைஜர், துனீசியா. எல்லாமே 1960க்குள் விடுதலையடைந்த நாடுகள்.

எண்ணுக்கு என்னய்யா அரசியல் என்று கேட்பவர்கள் 1963க்கு வரவேண்டும். அந்த மே மாதம் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைத் தோற்றுவித்த நாடுகள், தென்னாப்பிரிக்காவின் விமானங்கள் தங்கள் வான்வெளியில் பறக்கத் தடைவிதிக்கத் தீர்மானித்தன. ஒவ்வோர் அரசுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள ஆகாயம் முழு உரிமை என்பது 1944இன் சிகாகோ உடன்படிக்கை. வல்லரசுகள் தம் வசதிக்கு எழுதிக்கொண்ட பிரதியை விளிம்பிலிருந்தவர்கள் தமக்காக வாசித்த தருணம் இது. பீரங்கி இல்லாதவனுக்கும் 'சுத்திப் போ' என்று சொல்ல முடிந்தது.

நிறஒதுக்கல் அரசின் விமானங்கள் சுற்றித்தான் போயின. கண்டத்தின் மேற்குப் புடைப்பைக் கடல்வழியே வளைத்து, அட்லாண்டிக்கின் சால் தீவில் எரிபொருள் நிரப்பி வடக்கே ஏறின. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சாலுக்கு ஏறத்தாழ 7,300, அங்கிருந்து லண்டனுக்கு 4,400. ஆக 11,700 கிலோமீட்டர். ஆனால் அதே காலத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் ஆப்பிரிக்காவின் மேலேயே ஜோகன்னஸ்பர்க் போய்வந்துகொண்டிருந்தன. அதே இரண்டு நகரங்கள்தான். வாலில் எழுதியிருக்கும் கொடியைப் பொறுத்துத் தூரம் இரண்டாகிறது. தடையின் ஓட்டையும் இங்கேதான் இருந்தது. பணமுள்ள பயணி வேறு கொடியில் ஏறிக்கொண்டால் தீர்ந்தது.

அரசிடமும் பணம் இருந்தது. நெடுந்தூரம் பறக்கவென்றே குட்டையாக்கப்பட்ட போயிங் 747எஸ்பியை வாங்கினார்கள். 1976 மார்ச்சில் அப்படியொரு விமானம் அமெரிக்காவின் எவரெட்டிலிருந்து எங்கும் இறங்காமல் கேப்டவுன் வந்து சேர்ந்தது: 16,560 கிலோமீட்டர். தொழில்நுட்ப வரலாறு இதைச் சாதனை என்று பதிவு செய்கிறது. புறக்கணிப்புக்குக் கட்டிய அபராதம் என்றே நான் வாசிக்கிறேன்.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது சால்தான். போர்த்துக்கலின் பிடியிலிருந்த கேப் வெர்ட் தீவுக்கூட்டம் 1975இல் விடுதலையானது. அந்த விடுதலைக்காகப் போராடி 1973இல் கொல்லப்பட்ட அமில்கார் கப்ராலின் பெயர்தான் சாலின் விமான நிலையத்துக்கு. அதற்குப் பிறகும் தென்னாப்பிரிக்க விமானங்கள் அங்கே இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போயின. மழை பொய்த்துப் பொய்த்துப் போகும் தீவுகள். வேறு வருமானம் சொற்பம். இதைத் துரோகம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. கப்ராலின் பெயரை அடித்துவிட்டு இந்த வரலாற்றை எழுதவும் வரவில்லை.